காத்தாடி கரண்ட்டும் கர்தாஷெவ் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க ஊரைச் சுத்தி எங்க பாத்தாலும் காத்தாடிதான். ஆனா பையன் வந்து, மனுஷங்க இன்னும் ஒண்ணாம் நிலைக்கே வரலம்மா, சூரியனை மொத்தமா புடிச்சாதான் ரெண்டாம் நிலைங்கறான். அது என்ன கணக்கு, நாம எப்ப போய்ச் சேருவோம்?
- வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: அக்கா, அது கர்தாஷெவ் கணக்கு. 1964ல நிக்கோலாய் கர்தாஷெவ்னு ஒரு சோவியத் வானியல் விஞ்ஞானி போட்டது, வேற எங்கயாச்சும் அறிவுள்ள கூட்டம் இருந்து சிக்னல் அனுப்பினா நம்ம ரேடியோ டெலஸ்கோப்புக்கு கேக்குமா, அதுக்கு அவங்ககிட்ட எவ்ளோ பவர் இருக்கணும்ங்கறதுதான் அவரோட கேள்வி. பூமி அளவு பவரை ஆண்டா ஒண்ணாம் நிலை, ஒரு நட்சத்திரம் முழுசும்னா ரெண்டு, கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்க இருக்கற கூட்டம், முழுசும்னா மூணு. அமெரிக்க வானியல் விஞ்ஞானி கார்ல் சேகன் நடுவுல தசமம் போட்டு நாம 0.7 கிட்டன்னு சொன்னார், இன்னைக்கு கணக்கு போட்டாலும் 0.73தான் வருது, ஏன்னா 0.1 ஏறவே பவர் 10 மடங்கு ஆகணும்.

இப்ப உலகம் முழுக்க பெட்ரோல், நிலக்கரி, கரண்ட் எல்லாம் சேத்து சுமார் 20 டெராவாட், ஒரு டெராவாட்னா கூடங்குளத்துல இருக்கற மாதிரி 1000 மெகாவாட் உலை 1000 வேணும். பூமி மேல விழற வெயில் 1,74,000 டெராவாட். சூரியன் மொத்தமா வெளிய விடறது 38 போட்டு 25 பூஜ்யம், அவ்ளோ வாட்ஸ். உங்க காத்தாடி சுத்தறதும் அந்த வெயில்தான், நிலம் சூடாகி தென்மேற்கு காத்து கிளம்பி உங்க கணவாய்க்குள்ள நெருங்கிப் பாயுது.

வருஷம் 2.3 சதவீதம் செலவு கூடிட்டே போனா 100 வருஷத்துல 10 மடங்கு. அப்ப 400 வருஷம் போறதுக்குள்ள பூமி மேல விழற மொத்த வெயில் அளவுக்கு வந்துருவோம், 1300 சொச்சம் வருஷத்துல சூரியன் முழுசும். கேக்க பெருமையா இருக்கும், ஆனா எனக்கு இதுல பயமா இருக்கறது சூடு. மிக்ஸியோ பஸ்ஸோ செல்போனோ, எது ஓடினாலும் செலவான பவர் கடைசில சூடாத்தான் வெளிய வரும், அந்த சூட்டை பூமி வானத்துக்கு அனுப்பியாகணும். வெயிலுக்கு சமமா நாமளும் புதுசா சூடு கிளப்பினா பூமிக்கு வர்ற சூடு ரெண்டு மடங்கைத் தாண்டிரும், அதை எந்த உயிரும் தாங்காது. அதனால பூமிக்குள்ளயே இருந்துகிட்டு ஒண்ணாம் நிலைக்கு போறதை நான் விரும்பல அக்கா, ஒண்ணு விண்வெளிக்கு வேலையை நகத்தணும், இல்ல ஒரு அளவுல செலவை நிறுத்தி அதுலயே நல்லா வாழப் படிக்கணும், ரெண்டாவதுதான் முதல்ல நடக்கணும்னு நெனக்கறேன். பையன்கிட்டயும் இதைச் சொல்லுங்க, அவன் ஆசைய குறைக்க இல்ல, கணக்கை முழுசா போடத்தான்.

கேள்வி: ஃபியூஷன் (சூரியன்ல நடக்கற மாதிரி அணுக்களைச் சேத்து பவர் எடுக்கறது) வந்துட்டா எரிபொருள் தீரவே தீராதே, அப்புறம் எதுக்கு அளவு?
- கல்லூரி மாணவர், பாறசாலை

பதில்: தம்பி, எரிபொருள் தீராது, சரிதான். ஆனா சோலாரும் காத்தும் ஏற்கனவே பூமிக்கு வந்த சூட்டைத்தான் பயன்படுத்துது, ஃபியூஷனும் யுரேனியமும் நிலக்கரியும் புதுசா சேக்குது. இன்னைக்கு இந்த நேரடி சூடு ரொம்ப சின்னது, கார்பன் டை ஆக்சைடு புடிச்சு வைக்கற சூடு அதைவிட பல மடங்கு பெருசு, அதனால இப்போதைக்கு ஃபியூஷன் வந்தா நல்லதுதான், நானும் காத்திருக்கேன். நம்ம செலவு பல மடங்கு ஏறின பிறகுதான் இந்த கேள்வி திரும்ப வரும்.

கேள்வி: ரெண்டாம் நிலைல யாராச்சும் இருக்காங்களா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, தேடறதும் அந்த சூட்டை வச்சுத்தான். ஒரு கூட்டம் தன் நட்சத்திரத்தை சுத்தி வெளிச்சத்தை புடிச்சாலும் சூட்டை ஒளிக்க முடியாது, அது அகச்சிவப்பு கதிரா தெரியும்னு இயற்பியல் விஞ்ஞானி ஃப்ரீமன் டைசன் 1960லயே எழுதிட்டார். 2015ல ஒரு நட்சத்திரம் 20 சதவீதத்துக்கு மேல மங்கி மங்கி எரியுது, யாரோ அதைச் சுத்தி ஏதோ கட்டிட்டாங்களோன்னு பெரிய பரபரப்பு ஆச்சு, அப்புறம் பாத்தா நீல வெளிச்சம் சிவப்பைவிட அதிகமா மங்குது, தூசுன்னாதான் அப்படி இருக்கும். அதே வருஷம் வைஸ் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த தகவல்ல சுமார் ஒரு லட்சம் கேலக்ஸிய அலசினாங்க, 85 சதவீதத்துக்கு மேல வெளிச்சத்தை யாரோ எடுத்து சூடா விடறாங்கன்னு சொல்ற மாதிரி ஒண்ணுகூட சிக்கல. ஆளே இல்லன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அவ்ளோ செலவு பண்ற ஆளு இல்ல, அவ்ளோதான்.