கோடை விடுமுறையில் இயற்கை விவசாயப் பண்ணையில் பயிற்சிக்குச் சேர்வதால் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கல்லூரி மாணவர். மே, ஜூன் மாதங்களில் ஒரு சமுதாயப் பண்ணையில் தங்கி வேலை பழக விரும்புகிறார். ஆனால் விளைச்சல் குறைந்த வெயில் காலத்தில் போய் எதைக் கற்கப் போகிறோம் என்று தயங்குகிறார். ஆரோவில் பகுதியில் உள்ள ஒரு பண்ணைக்கு இதே தயக்கத்தோடு போய் ஆறு வாரம் தங்கி வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோடையில்தான் போக வேண்டும். மற்றப் பருவங்களில் கண் பயிரிலேயே நின்றுவிடும். கோடையில் பார்ப்பதற்கு மண்ணைத் தவிர வேறொன்றும் பெரிதாக இருக்காது. இயற்கை விவசாயத்தில் முதலில் கற்க வேண்டியதும் அதுதான்.

1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டு நிலம் மரங்களை இழந்த பொட்டலாகக் கிடந்தது. ஒவ்வொரு மழையும் செம்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டு போனது. வரப்பு கட்டி, நீரை நிறுத்தி, மரம் வளர்த்து மீட்ட நிலம் அது. அதனாலோ என்னவோ, அங்கே வெறும் மண் கண்ணில் பட்டால் யாருக்கும் பொறுக்காது. எனக்குத் தரப்பட்ட முதல் வேலை மூடாக்குப் போடுவது. காலை 6 மணிக்குத் தொடங்கி, கத்திரி வெயில் ஏறுவதற்குள், 10 மணிக்கெல்லாம் முடித்துவிட்டு, மாலை 4 மணிக்கு மேல் மீண்டும் இறங்குவோம். சருகும் வைக்கோலும் சுமந்து சுமந்து பரப்புவதில் என்ன கல்வி இருக்கிறது என்று முதல் வாரம் முழுவதும் எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாத்தியருகே போய் அமர்ந்தேன். மூடாத இடத்தில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. ஒரு முழம் தள்ளி, சருகை விலக்கிக் கையை நுழைத்தால் மண் குளிர்ந்திருந்தது, விரலில் ஈரம் ஒட்டியது, மக்கிய இலைகளுக்கிடையே வெண்மையான பூஞ்சை இழைகள் நூல் போல ஓடியிருந்தன. முந்தின நாள் காலை விட்ட தண்ணீர் இன்னும் அங்கேயே இருந்தது.

அடுத்து ஜீவாமிர்தம், அதாவது மண்ணில் நுண்ணுயிர்களைப் பெருக்க விடும் சாணக் கரைசல். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, அந்த நிலத்து மண் ஒரு கைப்பிடி சேர்த்து, நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட்டால் இரண்டு நாளில் தயாராகிவிடும். செய்முறை எளிது, வடிகட்டுவதில்தான் பொறுமை வேண்டும். ஒருமுறை நான் அவசரத்தில் ஒற்றைத் துணியில் வடித்துச் சொட்டுநீர்க் குழாயில் விட்டுவிட்டேன். துளைகள் அடைத்துக்கொண்டு மூன்று பாத்திக் கத்தரிக் கன்றுகள் மறுநாள் தலை சாய்ந்து நின்றன. அன்று முழுவதும் ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்திச் சுத்தம் செய்தேன். அதன் பிறகு இரண்டு முறை வடிகட்டாமல் எதையும் குழாயில் விட்டதில்லை.

பண்ணையை நடத்துபவர்களிடம் கற்றதைவிட, பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த ஓர் ஆயாவிடம் நான் கற்றது அதிகம். களை என்று நான் பிடுங்கி வரப்பில் எறிந்ததை அவர் எடுத்து மண்ணை உதறி மடியில் கட்டிக்கொண்டார். "இது மூக்கிரட்டை கண்ணு. கடைஞ்சு சாப்பிடற கீரை. வேரோட புடுங்காத, கொழுந்தைக் கிள்ளு" என்றார். மறுநாளிலிருந்து பிடுங்குவதற்கு முன் அவரிடம் பெயர் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கோரையைத் தவிர மற்ற எதற்கும் அவரிடம் ஏதாவது ஒரு பயன் இருந்தது.

சேருவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல பண்ணைகள் தங்குமிடமும் சாப்பாடும் மட்டுமே தரும். சில இடங்களில் அதற்கும் நாம் பணம் கட்ட வேண்டும். தினமும் எத்தனை மணி நேர வேலை என்பதையும், விடுமுறை நாளில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

முடிந்தால் இரண்டு மாதம் முழுவதையும் ஒதுக்குங்கள். நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் பெய்த கோடை மழையின் ஈரத்தில், காலியாகக் கிடந்த அரை ஏக்கரில் பலதானியம் விதைத்தோம்: கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கடுகு, வெந்தயம், சணப்பு, தக்கைப்பூண்டு என இருபது வகை விதைகளை ஒன்றாகக் கலந்து தூவினோம். ஏறக்குறைய 50 நாளில், அவை பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுவார்கள். அந்த மண்ணுக்கு அதுவே உரம். ஆறு வாரம் முடிந்து நான் கிளம்பிய காலையில் சணப்பு இடுப்புயரம் நின்றது, மொட்டு மட்டுமே வைத்திருந்தது. உழுவதைப் பார்க்க நான் அங்கு இல்லை.