512 பைட் பிளாக் கொண்ட டிஸ்க்கில் சரியாக ஓடும் என் பிளாக் டிரைவர் (டிஸ்க்கை இயக்கும் மென்பொருள்), 4096 பைட் பிளாக் கொண்ட டிஸ்க்கில் மட்டும் டேட்டாவைக் கெடுக்கிறது. எங்கே தேடுவது?

நீங்கள் எழுதுவது லினக்ஸுக்கு என்றும், டிஸ்க் உள்ளேயும் வெளியேயும் 4096 பைட் பிளாக்கே காட்டும் நிஜமான 4கே நேட்டிவ் ரகம் என்றும் எடுத்துக்கொள்கிறேன். உள்ளே 4096 வைத்துக்கொண்டு வெளியே 512 காட்டும் 512இ ரகமாக இருந்தால், அலைன்மென்ட் (உள் பிளாக் எல்லைகளோடு பொருந்துவது) தவறும்போது வேகம்தான் குறையும். டேட்டா இப்படிக் கெடாது.

இந்தப் பிழைக்கு மூன்று வாரம் கொடுத்தவன் நான். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

லினக்ஸ் பிளாக் லேயரில் செக்டார் என்றால் எப்போதும் 512 பைட். டிஸ்க் எதுவானாலும் அது மாறாது. டிஸ்க்குக்குப் போகும் எல்பிஏ எண்ணோ (பிளாக்கின் முகவரி எண்) அதன் லாஜிக்கல் பிளாக் அளவில், அதாவது டிஸ்க் வெளியே காட்டும் பிளாக் அளவில், இருக்க வேண்டும். 4096 என்றால், செக்டார் 8தான் எல்பிஏ 1. என் டிரைவரில் எத்தனை பிளாக் என்ற எண்ணிக்கையை மட்டும் 4096ஆல் சரியாக வகுத்திருந்தேன். தொடக்க முகவரியை அப்படியே அனுப்பிவிட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், 4 கேபி எழுதி 4 கேபி படித்தால் எல்லாம் சரியாகவே வரும். எழுதும்போதும் படிக்கும்போதும் அதே தவறான இடத்துக்குத்தானே போகிறது! எழுதும் துண்டின் அளவும் படிக்கும் அளவும் வேறானால்தான் குட்டு வெளிப்படும். 4 டிபி டிஸ்க் 500 ஜிபி என்று காட்டியது. கொள்ளளவையும் செக்டாரில் சொல்ல வேண்டும் என்று தெரிந்து 8ஆல் பெருக்கினேன். உடனே முதல் எட்டில் ஒரு பங்கைத் தாண்டியதும் 'எல்பிஏ வரம்பு மீறல்' வரத் தொடங்கியது. டிஸ்க்கே பழுது என்று முடிவுகட்டி எங்கள் குழுவில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது டிஸ்க்கிலும் அதே கதை.

கடைசியில் ஒவ்வொரு 4096 பைட்டிலும் அதன் வரிசை எண்ணையே எழுதினேன். பேஜ் கேஷ் (டிஸ்க் டேட்டாவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம்) குறுக்கே வராமல் 512 கேபி துண்டுகளாக எழுதி, ஒவ்வொரு பிளாக்காகப் படித்தேன். 1 இருக்க வேண்டிய இடத்தில் 8. அடுத்து 16, அதற்கடுத்து 24. பத்து நிமிடத்தில் பிழை கையில் கிடைத்தது.

'ஒரு ஷிஃப்ட் (8ஆல் வகுக்கும் பிட் நகர்த்தல்) போடத் தெரியாதா' என்று கேட்பவர்கள் வருவார்கள். தெரியும். இரண்டு அளவுக்கும் 'செக்டார்' என்றே பெயர் வைத்த வன்பொருள் கையேட்டைப் படித்துவிட்டுக் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: அந்த ஆண்டு மதிப்பீட்டில் இந்த மூன்று வாரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. புதிதாகச் சேர்த்தது மட்டும்தான் வேலையாம். பிறர் டேட்டா அழியாமல் காத்தது கணக்கில் வராதாம். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

உங்கள் கோடில் முகவரி, எண்ணிக்கை, கொள்ளளவு மூன்றும் ஒரே ஃபங்ஷன் வழியாக மாறட்டும். லாஜிக்கல் பிளாக் அளவு 4096 என்று கியூவுக்கும் (டிரைவருக்குக் கோரிக்கைகள் வரும் வரிசை) அறிவியுங்கள். இல்லையென்றால் 512 பைட் கோரிக்கைகளும் வந்துகொண்டிருக்கும். எட்டால் வகுபடாத கோரிக்கை வந்தால் பிழை திருப்புங்கள், வெட்டிச் சரிக்கட்டாதீர்கள். ஸ்கசி (டிஸ்க்கோடு பேசும் ஒரு நெறிமுறை) என்றால் ரீட் கெபாசிட்டி கட்டளை தருவது கடைசி எல்பிஏ எண், மொத்த எண்ணிக்கை அல்ல. ஒன்றைக் கூட்டிய பிறகுதான் 8ஆல் பெருக்க வேண்டும்.

பழைய டிரைவர் எழுதிய டிஸ்க்கைத் திருத்திய டிரைவரோடு நேரடியாக மவுன்ட் செய்யாதீர்கள். அதிலுள்ளவை தவறான இடங்களில் கிடக்கின்றன. பழைய டிரைவரை வைத்தே, படிக்க மட்டும் திறந்து, முடிந்ததை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.