முழங்கால் வலிக்கு இடுப்பை எக்ஸ்ரே எடுப்பதா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வாரமாக வலது முழங்கால் வலிக்கிறது என்கிறான். ஓடி விளையாடிவிட்டு வந்தால் லேசாக நொண்டுகிறான். முழங்காலில் வீக்கம் இல்லை. அங்கே எடுத்த எக்ஸ்ரேயிலும் கோளாறு இல்லை. வளர்கிற வயதில் இப்படி வலிப்பது சகஜம் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். உங்கள் மகனுக்கு இருப்பது ‘வளர்ச்சி வலி’ போலத் தெரியவில்லை. அந்த வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும். கெண்டைக்கால், தொடை, முழங்காலின் பின்புறம் என்று சதைப்பகுதியில் இருக்கும். மாலையிலோ தூக்கத்திலோ அழவைக்கும், காலையில் சுவடே இருக்காது. முக்கியமாக, அதனால் குழந்தை நொண்டாது. ஒரே கால், அதோடு நொண்டலும் என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? இடுப்பு மூட்டில். இடுப்புக்கு வருகிற நரம்பு ஒன்றின் கிளை முழங்காலுக்கும் போகிறது. அதனால் கோளாறு மேலே இருக்க, வலி கீழே தெரியும். பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு வலிப்பது முழங்காலில்தான்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். வலி மருந்து கொடுத்த சில மணி நேரத்துக்குள் செய்யாதீர்கள், வலி மறைந்திருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணமாக மடக்குங்கள். முழங்காலை ஒரு கையால் அசையாமல் பிடித்து, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்துங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை உள்நோக்கித் திரும்பும்; இங்கேதான் பலர் குழம்புவார்கள். முதலில் இடது கால், பிறகு வலது கால். வலது பக்கம் அசைவு சீக்கிரமே தடைபட்டு நின்றால், அல்லது முகம் சுளித்தால், இடுப்பில்தான் சிக்கல் என்று எண்ணலாம். அழுத்தித் திருப்ப வேண்டாம். அடுத்து, வலது காலில் மட்டும் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள்: இடது இடுப்பு கீழே சரிகிறதா? சரிந்தால் வலது இடுப்புத் தசை பலவீனப்பட்டிருக்கிறது.

இரண்டும் சரியாக இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயது ஆண் பிள்ளைகளிடம் முதலில் நினைக்க வேண்டியது பெர்த்தீஸ் நோய். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து, அது மெல்ல மென்மையாகி, தட்டையாகிவிடும். நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் அதிகம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு நான்கு மடங்கு. எலும்பு மறுபடி வளர இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை அந்த உருண்டை, இடுப்பு எலும்பில் அது உட்காரும் கிண்ணத்துக்குள் பொருந்தி நிற்க வேண்டும் என்பதுதான் சிகிச்சையின் நோக்கம். சளி, காய்ச்சலுக்குப் பின் திடீரென வரும் இடுப்பு அழற்சியும் உண்டு. ஆனால் அது பொதுவாக இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்கள் மகனுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது.

எக்ஸ்ரே கேட்கும்போது, இரண்டு இடுப்பும் தெரியும்படி நேராக ஒன்று, தவளை போல் கால்களை விரித்து ஒன்று, என இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். பெர்த்தீஸின் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கக்கூடும். நொண்டல் தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ அல்லது சில வாரம் கழித்து மறு எக்ஸ்ரே தேவை.

பத்து வயதுக்கு மேற்பட்ட, குறிப்பாக உடல் பருமனான பிள்ளைக்கு இதே வலி வந்து, நடக்கும்போது பாதம் வெளிநோக்கித் திரும்பியிருந்தால் கதை வேறு. தொடை எலும்புத் தலை வளர்ச்சிக் குருத்தெலும்பில் நழுவியிருக்கலாம். அந்தப் பிள்ளையை நடக்கவிடாமல் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மேலே சொன்ன சோதனையும் அவர்களுக்கு வேண்டாம்.

எந்த வயதிலும், காய்ச்சலோடு காலை ஊன்றவே மறுத்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். விடியும்வரை காத்திருக்கக்கூடாது. தூக்கத்தைக் கலைக்கும் வலியோடு எடை குறைவது, வெளிறிப்போவது, காரணமில்லாமல் கன்றிப்போவது இருந்தால் இரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை ஓட்டம், குதித்தல், பந்து விளையாட்டு நிறுத்துங்கள். வலி அதிகமானால் பாரசிட்டமால், எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகாமல். 22 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 330 மில்லிகிராம். சிரப்பின் வீரியம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். ஆஸ்பிரின் கூடாது. காலை இழுத்து நீவுவதும் வேண்டாம்.