மாசாய் மாராவில் வழிகாட்டியிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யாவின் மாசாய் மாராவுக்குப் போகிறோம். மூன்று நாள் சஃபாரி. செலவு அதிகம் என்பதால் சிங்கம், சிறுத்தை, ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் மான்களின் மந்தை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். வழிகாட்டியிடம் இதைக் கறாராகச் சொல்லிவிடலாமா? நல்ல வழிகாட்டியை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: ஆசையைச் சொல்லுங்கள், கறார் வேண்டாம். வழிகாட்டிகளின் வருமானத்தில் டிப்ஸ் பெரிய பங்கு. சிங்கம் காட்டாவிட்டால் விருந்தினர் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால், மற்ற வழிகாட்டிகள் ரேடியோவில் சொல்லும் இடத்துக்கெல்லாம் வண்டியை விரட்டுவதுதான் அவர் வேலையாகிவிடும். ஏற்கெனவே பத்து வண்டிகள் நிற்கும் இடத்தில் பதினோராவதாகப் போய் நிற்பீர்கள்.

அவருடைய உண்மையான திறமை வேறு. இரவில் சிங்கம் எந்தத் திசையில் கர்ஜித்தது என்பதைப் படுக்கையிலேயே குறித்துக்கொண்டுதான் விடியுமுன் எழுந்து வருவார். ஈர மண்ணில் காலடித் தடம் தெரிந்தால் நகக்குறி உண்டா என்று பார்ப்பார். சிங்கமும் சிறுத்தையும் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். சிவிங்கிப்புலியின் (சீட்டா) நகம் மண்ணில் பதியும். இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சீறினாலும், குரங்கு மரத்திலிருந்து கத்தினாலும், பிணந்தின்னிக் கழுகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கினாலும் அவருக்கு அது செய்தி. இதையெல்லாம் கவனிக்க வண்டி நிற்க வேண்டும், எஞ்சின் அணைய வேண்டும், வண்டிக்குள் பேச்சும் அடங்க வேண்டும். முதல் நாள் காலையிலேயே, "எங்களுக்கு அவசரமில்லை, நீங்கள் நிற்கும் இடத்தில் நாங்களும் காத்திருக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல வழிகாட்டியின் முகமே மாறும்.

விதிகளை மீறச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். மாரா தேசியக் காப்பகத்துக்குள் வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒரு சிங்கத்தையோ சிறுத்தையையோ சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு என்பதால் வண்டிக் கூட்டம் அதை நேரடியாகப் பாதிக்கிறது. சுற்றுலா நெரிசல் மிகுந்த பகுதிகளில் அவை வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் குறைவு என்று மாராவிலேயே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். காப்பகத்தைச் சுற்றி மாசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கன்சர்வன்சி என்னும் வனவிலங்குக் காப்பு நிலங்களில் வண்டிகள் குறைவு, விதிகளும் சற்று வேறு. பணம் இடம் கொடுத்தால் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள்.

அடையாளம் காண்பது பற்றி. கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் சான்று தருகிறது. தங்கத்தை எட்டியவர்கள் மிகச் சிலர். வெள்ளிச் சான்று பெற்றவர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய அடையாளம், அவர் வண்டியை நிறுத்தும் விதம். விலங்கு போகும் வழியை மறிக்காமல், வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் விழும்படி நிறுத்துவார். சாணத்தை உருட்டும் வண்டைக் காட்டும்போதும் சிங்கத்தைக் காட்டும் அதே ஆர்வம் அவரிடம் இருக்கும்.

மாரா ஆற்றை மந்தை கடப்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஜூலை முதல் அக்டோபர் வரை வாய்ப்பு உண்டு. கரைக்கு வந்த மந்தை மணிக்கணக்கில் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு. அங்கே போகும் நாளில் மதிய உணவையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். கழிப்பறைக்கு எங்கே நிறுத்தலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

சீசனில் பல வழிகாட்டிகள் வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருப்பவர்கள். அவர் ஊரைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். டிப்ஸ் பொதுவாக விருந்தினர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 டாலரை ஒட்டி இருக்கும். விலங்குக்கு ஒரு விலை என்று கணக்குப் போடாமல் கடைசி நாளில் மொத்தமாக, அவர் கையிலேயே கொடுங்கள்.