கடைக்காரர் சொல்வது வைரஸ், கோளாறு ஹார்ட் டிஸ்க்

கேள்வி: 2018-ல் வாங்கிய லேப்டாப். ஐ3 7020யூ பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் பத்து நிமிடத்துக்கு எதுவும் அசைவதில்லை. போதாக்குறைக்கு ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்’ என்று திரையின் வலது மூலையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. கடையில் காட்டினேன், எல்லாம் வைரஸ் என்கிறார். ஃபார்மட் அடித்து, ஓஎஸ் போட்டு, ஆன்டிவைரஸும் சேர்த்து 4,500 ரூபாய் என்கிறார். ‘விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, இதைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க’ என்றும் சொல்கிறார். பென்ஷன், பேங்க் வேலை, பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: 4,500 ரூபாயையும் கொடுக்க வேண்டாம், லேப்டாப்பையும் கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகள்: மூலையில் வரும் அறிவிப்பு, வேகக் குறைவு, விண்டோஸ் 10 முடிந்துபோனது. கடைக்காரர் மூன்றையும் ‘வைரஸ்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி விலை சொல்லியிருக்கிறார்.

மூலையில் வரும் அறிவிப்பு பெரும்பாலும் வைரஸே அல்ல. ஏதோ ஒரு இணையதளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்டபோது, அறியாமல் ‘அலௌ’ அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளம்தான் குரோம் வழியாக உங்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. குரோமின் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தெரிவையும் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்குக் காசு வாங்குகிறார்கள் என்பதே எரிச்சலாக இருக்கிறது.

இதற்கு அடுத்த கட்டம் ஒன்று உண்டு. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சைரன் சத்தத்தோடு, ‘மைக்ரோசாஃப்ட் உதவி எண்’ என்று ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும். அந்த எண்ணை அழைக்கவே கூடாது. விண்டோஸின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் டாஸ்க் மேனேஜரில் குரோமைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மீண்டும் குரோமைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும். அந்த எண்ணில் பேசுகிறவர்கள் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒன்றை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றிவிட்டால் உங்கள் திரை அவர்கள் கையில். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். மறுநாள் பேங்க் திறக்கட்டும் என்று காத்திருப்பதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும்.

இனி வேகம். ஆன் செய்து, எதையும் திறக்காமல், டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். ‘டிஸ்க்’ என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நிமிடக்கணக்கில் நின்றால் காரணம் அதுதான். உங்கள் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு வகை ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு சிறு கோப்புக்கும் அதன் முள் இடம் மாறிப் போய்ப் படிக்க வேண்டும், ஒருமுறை மாற பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் ஆகும். விண்டோஸ் 10 கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் முள்ளும் இல்லை, சுழற்சியும் இல்லை, அதனால் இந்தக் காத்திருப்பும் இல்லை. இந்த ஹார்ட் டிஸ்க்கோடு 4 ஜிபி ரேமையும் சேர்த்து விண்டோஸ் 10 போட்டு விற்றார்களே கம்பெனிகள், அன்றே அது பொருந்தாத ஜோடி. வாங்கியவர்கள் தங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு பொறுத்துப் போனார்கள்.

ஃபார்மட் அடித்தால் சில வாரம் வேகமாகத் தெரியும். அப்டேட்டுகள் இறங்கி, நாலு சாஃப்ட்வேர் ஏறியதும் பழைய கதைதான். வாங்க வேண்டியது இரண்டு பொருள்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 7 மிமீ தடிமன். 256 ஜிபி போதும், போட்டோ அதிகமென்றால் 500. கூடவே லேப்டாப்புக்கான டிடிஆர்4 ரேம் 4 அல்லது 8 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ பகுதியில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் காலி இடம் இருக்கிறது என்று பொருள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வெகுவாக ஏறியிருக்கிறது. கை கடித்தால் எஸ்எஸ்டியை மட்டும் முதலில் மாற்றுங்கள், பெரிய மாற்றம் அதில்தான்.

கடையில் நடக்கும் வேலைகளை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

எஸ்எஸ்டியை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் ஒரு சட்டத்தில் பொருத்திவிட்டு, விண்டோஸைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. டாஸ்க் மேனேஜரில் சி டிரைவ் இருக்கும் டிஸ்க்கின் கீழே ‘எஸ்எஸ்டி’ என்று எழுதியிருக்க வேண்டும். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் பாருங்கள். அடுத்து, பெட்டி இல்லாமல், பெயர் தெரியாத எஸ்எஸ்டியைச் சல்லிசாகத் தருவார்கள். வேறு கம்ப்யூட்டரில் ஓடிக் களைத்ததாகவும் இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் சாஃப்ட்வேர் எத்தனை மணி நேரம் அது ஓடியிருக்கிறது என்று காட்டிவிடும். புதியதில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் இருக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நல்ல பிராண்டு எஸ்எஸ்டிக்கு 3 அல்லது 5 ஆண்டு வாரன்டி உண்டு. சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். ‘பில் வேண்டாம்னா 200 ரூபா குறைச்சுக்கலாம்’ என்பார்கள். அந்த 200 ரூபாய்க்கு நீங்கள் விற்பது வாரன்டியை.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவராதீர்கள். ‘அது போயிருச்சும்மா, குப்பைதான்’ என்று சொன்னாலும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பேங்க் பாஸ்புக் ஸ்கேன், ஆதார் நகல், குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அழித்தாயிற்று என்று அவர் நம்புவதையும் சாதாரண ரெக்கவரி சாஃப்ட்வேர் திரும்ப எடுத்துவிடும். ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அந்த டிஸ்க்கை உள்ளே போட்டால் உங்களுக்கு ஒரு பேக்கப் டிஸ்க் கிடைத்துவிடும். டக் டக் என்று சத்தம் வந்தாலோ, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சளில் ‘காஷன்’ என்று காட்டினாலோ அதை நம்பக் கூடாது. முதலில் போட்டோக்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஆபத்து அதிகம் இருப்பது ‘ஓஎஸ் போடுவதில்’. 2018-ல் விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால், அதன் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. பெரும்பாலும் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்பாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி நிறுவினால், நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரு பைசா லைசென்ஸ் செலவு இல்லை. ஆனால் கடைக்காரர் தன்னிடம் தயாராக இருக்கும் பென் டிரைவிலிருந்து ‘புரோ’ பதிப்பைப் போட்டு, லைசென்ஸ் இல்லாமலே ஓடும்படி கிராக் செய்து, ‘ஒரிஜினலைவிடப் பெரிய வெர்ஷன்’ என்று கொடுத்துவிடுகிறார். காசு கொடுத்து வாங்கிய அசலை எடுத்துவிட்டுத் திருட்டுச் சரக்கை வைத்துவிட்டார் என்பது உங்களுக்குத் தெரிவதே இல்லை.

அந்தக் கிராக் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? பெரிய நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் ஆக்டிவேஷனைப் போல நடிக்கிறது. அது 180 நாளில் காலாவதியாகும் என்பதால், புதுப்பித்துக்கொண்டே இருக்க முழு அதிகாரத்தோடு ஒரு நிரல் பின்னால் உட்கார்ந்திருக்கும். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடும் என்பதால், ‘இந்த ஃபோல்டரைப் பார்க்காதே’ என்று ஒரு விதிவிலக்கையும் போட்டுவைப்பார்கள். சிலர் சி டிரைவ் முழுவதற்கும் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வாசல் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, காவலாளி மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இந்த ஆக்டிவேட்டர்களின் பெயரிலேயே பாஸ்வேர்டு திருடும் மால்வேர் பரப்பப்பட்டதும் 2021-லேயே வெளிவந்த செய்திதான். அதே கம்ப்யூட்டரில் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள்.

இரண்டு இடம் பாருங்கள். செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கம் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று சொல்ல வேண்டும். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால், வீட்டு லேப்டாப்பில் அது கிராக். அடுத்து ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ கீழே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

தனி ஆன்டிவைரஸ் உங்களுக்குத் தேவையில்லை. டிஃபெண்டர் விண்டோஸோடு வருகிறது, இலவசம், போதுமானது. வேறொன்றை ஏற்றினால் இது ஒதுங்கிக்கொள்ளும். ஏற்றியதன் சந்தா முடிந்த பின் மிஞ்சுவது ‘புதுப்பியுங்கள்’ என்ற நச்சரிப்புதான். ‘பிசி கிளீனர்’, ‘டிரைவர் அப்டேட்டர்’ எதையும் கிட்டே சேர்க்காதீர்கள். ஆனால் ஆன்டிவைரஸ் இருந்தால் அப்டேட் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள்.

அதனால்தான் உங்கள் மூன்றாவது பிரச்சினை உண்மையான பிரச்சினை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். உங்கள் 7020யூ, 2018-ல் வந்திருந்தாலும், ஏழாம் தலைமுறை. எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே தெரியும். நன்றாக ஓடக்கூடிய ஒரு கம்ப்யூட்டரை ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல, ஆனால் நிலைமை அதுதான். ‘நான் 11 போட்டுத் தரேன்’ என்று சோதனையைத் தாண்டி ஏற்றிக் கொடுப்பார்கள். வேண்டாம். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் தானாக வராது. ஒவ்வொரு முறையும் அதே கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் ‘என்ரோல் நௌ’ என்ற இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து, செட்டிங்ஸை அவர்கள் சர்வரோடு இணைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. சம்மதிக்காதவர்களுக்கு 30 டாலர் அல்லது அதற்கு ஈடான தொகை.

சம்மதிக்கும் இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்கள் போட்டோக்களைப் பொறுத்தது. இலவசத்துக்குத் தேவை செட்டிங்ஸ் இணைப்பு மட்டும்தான். ஆனால் அதே திரையில் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களையும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்கு அனுப்பச் சொல்லித் தூண்டுவார்கள். அந்த மூன்றையும் அணைத்துவிடுங்கள். அணைக்காமல் விட்டால், இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி பேரப்பிள்ளைகளின் படங்களாலேயே நிறைந்துவிடும், ‘இடம் வாங்குங்கள்’ என்று தொல்லை ஆரம்பிக்கும். அப்போது யாராவது ‘ஒன்டிரைவ் தளத்துக்குப் போய் அழிச்சிடுங்க’ என்பார். அங்கே அழித்தால் உங்கள் லேப்டாப்பிலும் அழியும். ஒன்டிரைவ் செய்வது பேக்கப் இல்லை, இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. தவறி அழித்துவிட்டால் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும், அதற்குள் மீட்டுவிடுங்கள். ஏற்கெனவே இணைந்திருந்தால், முதலில் படங்களை யுஎஸ்பி டிஸ்க்குக்குக் காப்பி செய்து, அங்கே திறந்து பார்த்த பிறகே ஒன்டிரைவில் பேக்கப்பை நிறுத்துங்கள். அந்த யுஎஸ்பி டிஸ்க்கைக் காப்பி முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

2026 அக்டோபருக்குப் பிறகு இதே லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ் போடலாம். இலவசம், அப்டேட்டும் தொடர்ந்து வரும். இப்போது வாங்கும் எஸ்எஸ்டியும் ரேமும் அதற்கும் அப்படியே பயன்படும். பேங்க், பென்ஷன் தளங்களுக்கு பிரவுசர் மட்டும் போதும், தமிழ்த் தட்டச்சும் உண்டு. நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். உங்கள் பிரிண்டரும் வைஃபையும் அதில் வேலை செய்கின்றனவா, வழக்கமாகப் போகும் தளங்கள் திறக்கின்றனவா என்று ஒரு நாள் அப்படிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.