லயத்து ஓட்டும் தாமான் ஓட்டும்

கடிதம்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வேலை ஷா ஆலமில். அடையாள அட்டையில் இன்னும் ஊர் முகவரிதான். 2018-இலும் 2022-இலும் ஊருக்கு வந்துதான் ஓட்டுப் போட்டேன்.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர், வாக்களிப்பு வட்டாரம் வாரியாக நிறம் தீட்டிய வரைபடம் ஒன்றைக் காட்டினார். எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒரு நிறம். சாலைக்கு எதிர்ப்பக்கம், பாட்டி ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டம் வேறு நிறம். அதையும் தாண்டிப் போனால் ஆற்றோரக் கம்பங்கள் (மலாய்க் கிராமங்கள்), பாட்டியின் தோட்டத்து நிறத்திலேயே இன்னும் அடர்த்தியாக. "இதுல ஆராய என்ன இருக்கு? இனம் இனமா ஓட்டுப் போடுது, அவ்வளவுதான்" என்றார் நண்பர். பக்கத்திலிருந்த இன்னொருவர், "உங்க ஊர்க்காரங்களுக்கு நன்றியே கிடையாது. முப்பத்து நாலு வருஷம் செஞ்சவரையே தூக்கிப் போட்டீங்க" என்றார், சாமிவேலுவை மனதில் வைத்து. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன் என்றால் நம்புவீர்களா?

எங்கள் வீட்டிலேயே பாட்டி தேசிய முன்னணியின் தராசுக்குப் போடுகிறார், நான் வேறு சின்னத்துக்குப் போடுகிறேன். இரண்டு பேரும் ஒரே காரில் போய் ஒரே பள்ளிக்கூடத்தில் இறங்குகிறோம். எங்களில் யார் தவறு செய்கிறோம்? ஒரே ஊருக்குள் ஏன் இத்தனை கோடுகள்?

அன்புடன்,
ஒரு வாசகி

பதில்

வணக்கம் மா,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை இரண்டு மூன்று முறை படித்தேன். பாட்டியும் நீங்களும் இறங்கியது ஒரே பள்ளிக்கூடம்தான், ஆனால் போன அறை வேறு. பாட்டி முதல் சாலுரானுக்கு, அதாவது முதல் வாக்களிப்பு அறைக்கு, போயிருப்பார். நீங்கள் கடைசி அறைக்கோ அதற்கு முந்தியதற்கோ போயிருப்பீர்கள். நம் நாட்டில் வாக்காளர்களை வயதுப்படிதான் சாலுரான்களில் பிரிக்கிறார்கள். எண்ணுவதும் அந்தந்த அறையிலேயே. எண்ணி முடித்து அறைவாரியாகப் போராங் 14 என்ற முடிவுப் படிவம் எழுதி, முகவர்களுக்கும் ஒரு பிரதி கொடுப்பார்கள். உங்கள் நண்பர் காட்டிய வரைபடத்தில் ஒரு வட்டாரத்துக்கு ஒரு நிறம்தான் இருந்திருக்கும். போராங் 14-களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த ஒரு நிறத்துக்குள் நாலைந்து நிறம் தெரியும்.

2008 மார்ச் 8 இரவு நான் ஒரு தமிழ்ப்பள்ளியின் முதல் சாலுரானில் எதிர்க்கட்சி முகவராக உட்கார்ந்திருந்தேன். சிறுபிள்ளைகள் படிக்கும் வகுப்பு. சுவரில் உயிர்மெய் எழுத்து அட்டவணை. முழங்கால் மார்பில் முட்டுகிற குட்டி நாற்காலிகள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாக விரித்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். தராசு, தராசு, மறுபடி தராசு. பல சீட்டுகளில் அந்தப் பெருக்கல் குறி நடுங்கியிருந்தது, ஒரு கோடு நீளமாகவும் ஒரு கோடு பாதியில் நின்றும். ஆயுளெல்லாம் பால் வெட்டிய கைகள் போட்ட குறி. நாங்கள் தோற்றோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தால், கடைசி அறையில் இருந்த தம்பி தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனால் பேசவே முடியவில்லை. கையிலிருந்த தாளை மட்டும் நீட்டினான். அவன் அறையில் எல்லாம் தலைகீழ்.

அன்றைக்குத்தான் 1974 முதல் நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ், தேசிய முன்னணியில் ஒரு கட்சி) தலைவர் டத்தோ ஸ்ரீ சாமிவேலு 1,821 ஓட்டில் தோற்றார். வென்ற டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் ஊருக்குப் புதியவர் இல்லை. 1999-இலும் 2004-இலும் சாமிவேலுவை எதிர்த்து நின்று தோற்றவர்தான்.

உங்கள் நண்பரின் "இனம் இனமாக" என்ற பேச்சை இதோடு வைத்துப் பாருங்கள். இனம் ஒரு காரணம், அதை நான் மறுக்கவில்லை. நம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. சீனர் புதுக்கிராமங்கள் உள்ள ஜாலோங், 2008 முதல் நான்கு பொதுத்தேர்தலிலும் ஜனநாயக செயல் கட்சியிடம். கம்பங்களும் பூர்வகுடிக் கிராமங்களும் உள்ள லிந்தாங், அதே நான்கு தேர்தலிலும் தேசிய முன்னணியிடம். இதைப் பார்க்கிறவர் இனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் 2004-க்கும் 2008-க்கும் இடையில் நம் மக்களின் இனம் மாறிவிட்டதா? பாட்டியும் நீங்களும் வேறு வேறு இனமா? இனம் மட்டுமே காரணம் என்றால் அந்த முதல் அறையும் கடைசி அறையும் ஒரே மாதிரி எண்ணியிருக்க வேண்டும்.

நான் பார்த்த வரைக்கும், ஒரு தெருவின் ஓட்டு அந்தத் தெரு யாரை அண்டி வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. யார் கையில் வீடு இருக்கிறது, தண்ணீர் யார் தருகிறார், பிள்ளைக்கு ஒரு கடுதாசி வேண்டுமென்றால் யார் வாசலில் நிற்க வேண்டும். அதெல்லாம் மாறும்போது ஓட்டும் மாறுகிறது. உடனே மாறுவதில்லை, பத்துப் பதினைந்து வருடம் பிந்தி மாறுகிறது.

நம் ஊரின் கோடுகள் எப்போது விழுந்தன என்று யோசித்துப் பாருங்கள். 1948 ஜூனில் எல்பில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது நம் ஊர் மண்ணில்தான். 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் பயிர் செய்துகொண்டிருந்த சீனர்களை லோரியில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் இறக்கினார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். நம் ஆட்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார்கள், கம்பெனியின் நிலத்தில். மலாய்க்காரர்கள் கம்பத்தில், மேலே ஆற்றின் தலைப்பகுதியில் தெமியார் பூர்வகுடி மக்கள். யாரும் பக்கத்து வீட்டுக்காரரை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. கொண்டுவந்து வைத்த இடத்தில் இருந்தோம். வேலியைப் பிடுங்கிய பிறகும் எல்லை போகவில்லை. இன்றைக்கும் பல வாக்களிப்பு வட்டாரங்கள் அந்தத் தோட்டத்தின் பெயராலும் அந்தப் புதுக்கிராமத்தின் பெயராலும்தான் இருக்கின்றன.

1974 தேர்தலில் எனக்குப் பதினாலு வயது. அன்றைக்குத் தோட்டத்து லோரி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றது. அம்மா வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு ஏறினாள். யாருக்குப் போடப் போகிறாய் என்று கேட்டேன். "நம்ம ஆளுக்குத்தான்" என்றாள், கேள்வியே அவளுக்குப் புரியாத மாதிரி. நம்ம ஆள் என்றால் என்ன? வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றால் தோட்ட எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலிக்கு வெளியே ஒரே ஒரு கதவு இருந்தது. தோட்டத்து ம.இ.கா. கிளைத் தலைவர் வீட்டுக் கதவு. பிறப்புப் பத்திரமும், குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டைப் பிரச்சினையும் கோயில் திருவிழாவுக்கான அனுமதியும் அந்தக் கதவு வழியாகத்தான் நடந்தன. அந்த ஒரு கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா?

அதற்குப் பின்னால் வேறொன்றும் இருக்கிறது, அதை உங்கள் தலைமுறை கேள்விப்பட்டிருக்காது. சுதந்திரம் கிடைத்ததும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது. அப்போது நம் ஊரில் பிறந்த, அந்நாளைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பால் வெட்டுக்காரர் சம்பளத்தில் மாதம் பத்து வெள்ளி என்பது எவ்வளவு பெரிய காசு! அதைக் கொடுத்தவர்களின் ஓட்டு அது. முதல் அறையில் நடுங்கிய அந்தக் குறிகளில் எத்தனையில் இந்தப் பத்து வெள்ளி இருந்ததோ. நான் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தவன், ஆனாலும் அந்தக் குறிகளை அறியாமை என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

எழுபது எண்பதுகளில் கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. தோட்டங்கள் கைமாறின, சில வீடமைப்புத் திட்டமாயின. எங்கள் தோட்டத்தில் நோட்டீஸ் ஒட்டியபோது நஷ்டஈடாகக் கொடுத்த தொகையில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட வாங்க முடியாது. அலைந்து, கடன் வாங்கி, டவுன் ஓரத் தாமானில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். குடிவந்த இரண்டாம் மாதம் தண்ணீர் பில் வந்தது. அப்பா அதற்குள் இறந்துவிட்டதால் வீடு அம்மா பெயரில். பில்லில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், பிறகு அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். பணம் கட்டவே அதைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

அந்த பில் வந்த நாளில் அம்மா ஓட்டு மாறவில்லை, கடைசிவரை அவள் தராசுக்குத்தான் போட்டாள். ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த என் தம்பி தங்கைகளுக்குக் கிளைத் தலைவர் வாசல் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பேங்க் தவணை, அடைத்துக்கொண்ட சாக்கடை, எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் கிடைக்காத இடம். சாக்கடையை யாரிடம் சொல்வது? நம் நாட்டில் நகராட்சிக்குத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, பிறகு 1976-இன் சட்டத்தோடு ஒழிந்தே போனது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. அதனால் சாக்கடைக் கோபமும் பள்ளிக்கூடக் கோபமும் கோயில் உடைத்த கோபமும் எல்லாம் சேர்ந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தச் சீட்டில்தான் இறங்கியாக வேண்டும். 2007 நவம்பர் 25-இல், இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணிக்காகக் கோலாலம்பூர் தெருவில் இறங்கியவர்களில் நம் தாமான் பிள்ளைகள் இருந்தார்கள். நாலு மாதத்துக்குள் தேர்தல். கடைசி அறையின் தாள் ஏன் தலைகீழாக இருந்தது என்று இப்போது புரியும்.

எதிர்ப்பக்கத் தோட்டம் இன்னும் பழைய நிறத்தில் இருப்பதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. லயத்தில் இப்போது இருப்பவர்களில் பலர் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. மிச்சமிருக்கிற நம் குடும்பங்களில் பெரும்பாலும் வயதானவர்கள். வரைபடத்தில் அத்தனை பெரிய பரப்பு ஒரே நிறமாகத் தெரிகிறது, அடியில் சில நூறு முதியவர்களின் ஓட்டு. செம்பனைக்கு நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

கம்பங்களுக்கும் பூர்வகுடிக் கிராமங்களுக்கும் இதே அளவுகோல்தான். சாலை, கிளினிக், மானிய உரம், கிராமத் தலைவரின் படித்தொகை எல்லாம் அரசாங்கத்தின் வழியாக வருகிற இடத்தில் அரசாங்கக் கட்சிக்கு எதிராகப் போடுவது சிறிய காரியமில்லை. நம் அம்மாக்கள் லயத்தில் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள். இதை நம்மவர்கள் கேலி பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இது தோட்டப்புறத்து விஷயம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கோலாலம்பூரின் பதினோரு தொகுதிகளில் 2022-இல் பத்து பக்காத்தான் கூட்டணிக்குப் போயின. தித்திவங்சா மட்டும் தேசிய முன்னணிக்கு. அதற்குள்தான் கம்போங் பாரு இருக்கிறது, நூற்றிருபது வருடத்துக்கு முன்பு மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலம். சுற்றிலும் கோபுரங்கள் எழுந்தும் அந்த நிலம் யாருடையது என்ற கேள்வி அங்கே இன்னும் சூடாகவே இருக்கிறது. சிலாங்கூருக்கு நடுவே புத்ராஜெயா 2022-இல் பெரிக்காத்தான் கூட்டணிக்குப் போனது, அது அரசாங்க ஊழியர்களின் ஊர். இப்படி ஒரு துண்டு மட்டும் தனித்து நிற்பதைப் பார்த்தால், அங்கே வாழ்கிறவர்கள் யாருடைய நிலத்தில், யார் கொடுக்கும் சம்பளத்தில் வாழ்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நன்றியைப் பற்றிச் சொன்னவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. சாமிவேலு அவர்கள் செய்ததை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர் 2022-இல் இறந்தபோது எங்கள் தாமானில் பலர் கலங்கினார்கள், அவருக்கு எதிராகப் போட்டவர்களும்தான். ஆனால் ஓட்டை நன்றிக் கடனாகக் கேட்கிறவர், கொடுத்தவர் ஒரு பக்கம், வாங்கியவர் ஒரு பக்கம் என்று மனதில் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிய பெண்ணின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நாற்பது வருடம் விடியற்காலையில் மரத்தடியில் நின்றவளின் பெயர்?

யார் தவறு என்று கேட்டீர்கள். பாட்டி தவறு செய்யவில்லை மா, நீங்களும் செய்யவில்லை. பாட்டி தனக்குத் திறந்திருந்த கதவுக்குப் போடுகிறார், நீங்கள் உங்களுக்கு இன்னும் திறக்காத கதவுக்குப் போடுகிறீர்கள். நீங்கள் அழுததை நம்புகிறேன்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது பாட்டியிடம் ஒன்று கேளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பத்து வெள்ளி கட்டினாரா, அந்த ரசீது எங்காவது பெட்டிக்கடியில் இருக்கிறதா என்று. எங்கள் அம்மாவுடையது வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. பாட்டியிடம் இருந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.