5 அடி வலைவேலியை மிளா (பெரிய காட்டு மான்) தாண்டுகிறது. பிடுங்காமல் உயர்த்த என்ன சாமான் வாங்க வேண்டும்?

கேள்வி: தென்காசி மாவட்டம் மேக்கரைப் பக்கம், காட்டை ஒட்டிய தோப்பு. கல்கால் (கல் தூண்) நட்டு 5 அடி கம்பிவலை அடித்திருக்கிறது. மிளா தாண்டுகிறது, புள்ளிமான் அடியில் நுழைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உயர்த்தலாம். முதலில் வலை கல்லுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். காட்டுப் பக்கம் இருந்தால் மான் முட்டுவதைக் கல் தாங்கும். தோப்புப் பக்கம் இருந்தால் மொத்தமும் கட்டுக்கம்பி மேல்தான் விழும். வேலி பெரும்பாலும் வலை அறுந்து போவதில்லை, கட்டு விட்டுத்தான் போகிறது. அதனால் தடித்த வலைக்குக் கொடுக்கும் காசைக் கட்டுக்கும் மூலைக்கும் கொடுங்கள்.

மிளாவுக்கு 8 அடி வேண்டும். கல்லின் தலையில் 35 மி.மீ. எல் வடிவ இரும்பு ஆங்கிள் துண்டு, நாலரை அடி: ஒன்றரை அடி கல்லோடு சேர்ந்து நிற்கும், 3 அடி மேலே போகும். இதை ஆங்கர் போல்ட் போட்டு மாட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்த போல்ட் உள்ளே விரிந்துதான் பிடிக்கும். நாலைந்து அங்குலக் கல்லில் ஓரமாக விரிந்தால் கல் பிளந்துவிடும். ஆங்கிளின் கீழ்ப்பகுதியில் ஒரு அடி இடைவெளியில் குறுக்காக இரண்டு இரும்புப் பட்டை வெல்டிங் வைத்து, 10 மி.மீ. ராடில் சதுர யு கிளாம்ப் செய்து கல்லைச் சுற்றி இறுக்குங்கள். எந்தக் கல்லும் ஒரே அகலம் இருக்காது. கிளாம்பைக் கொஞ்சம் அகலமாக வளைத்து, இடைவெளியில் பழைய டயர் துண்டைச் செருகுங்கள். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு கட்டாயம், காற்றில் ஆடி ஆடிக் கழன்றுவிடும். ஆடுகிற கல்லை முதலில் கான்கிரீட் போட்டு நிறுத்திவிட்டுத்தான் இந்த வேலை.

10 அடிக்கு ஒரு கல் என்றால் 100 அடிக்கு 11 ஆங்கிள் (20 அடி நீளத்தில் 3 வாங்கினால் 12 துண்டு வரும்), 22 கிளாம்ப், 44 நட்டு, இரட்டிப்பாக 88. வலை 3 அடி அகலம், 12 கேஜ் (கம்பியின் தடிமன் எண்). வலையைத் தாங்க ஆறரை அடியிலும் 8 அடியிலும் 10 கேஜ் ஜி.ஐ. கம்பி ஓட்டுங்கள்; 100 அடிக்கு 4 கிலோ பிடிக்கும். புது வலையின் அடியைப் பழைய வேலியின் மேல்கம்பியோடு முக்கால் அடிக்கு ஒரு கட்டு, மற்ற இரண்டு கம்பியில் ஒன்றரை அடிக்கு ஒன்று. 16 கேஜ் ஜி.ஐ. கட்டுக்கம்பி ஒரு கிலோ போதும். சென்ட்ரிங் வேலைக்கு வாங்கும் கருப்புக் கட்டுக்கம்பி இந்தச் சாரலுக்கு நிற்காது. கட்டிங் பிளேயரால் மூன்று முறுக்கு முறுக்கி நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் மேல்பூச்சு உரிந்து அங்கேயே துரு ஏறும்.

மூலைக்கல்லுக்கு இரு பக்கமும் சாய்வாக முட்டுக்கல் இல்லாமல் கம்பியை இழுக்கவே கூடாது, கல் உள்ளே சாய்ந்துவிடும். கம்பியின் ஒரு முனையில் டர்ன்பக்கிள் (திருகினால் கம்பியை இறுக்கும் கொக்கி) மாட்டுங்கள். கை விஞ்சில் (கம்பியை இழுக்கும் கைக்கருவி) இழுத்துக் கட்டிவிட்டு, பிறகு தொய்வு வந்தால் அதைத் திருகிக்கொள்ளலாம். கையால் மட்டும் இழுத்த கம்பி மழைக்காலம் முடிவதற்குள் தொட்டில் மாதிரி தொங்கும்.

அடிப்பக்கத்துக்கு: 8 மி.மீ. கம்பியை ஒன்றரை அடிக்கு வெட்டி, தலையைக் கொக்கியாக வளைத்து, 3 அடிக்கு ஒன்று வலையோடு சேர்த்துச் சம்மட்டியால் அடித்து இறக்குங்கள். பன்றி மூக்கால் தூக்கும் இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்று. கேட்டையும் அதே உயரத்துக்கு ஏற்றுங்கள், அதன் அடியில் அரையடிச் சந்துகூட இருக்கக் கூடாது.

முள்கம்பி வேண்டாம், தாண்டும் மான் வயிறு கிழிந்து சாகலாம், வழக்கு உங்கள் மேல் வரலாம். வீட்டு லைனிலிருந்து நேரடி மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம், நாளைக்கு உங்கள் வேலைக்காரரே தொடுவார். யானை நடக்கும் தடமாக இருந்தால் இந்த வேலிக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் மேல்கம்பியில் பழைய சேலைக் கிழிசல்களைச் சில வாரம் கட்டிவிடுங்கள். பழகிய வழியில் ஓடிவரும் மிளாவுக்கு இருட்டில் புது வலை தெரியாது, நேராக மோதி முதல் வாரத்திலேயே ஆங்கிளை வளைத்துவிடும்.